ஆண் குழந்தை பிறந்த வெள்ளி இரவுக்கு ஃப்ரீசர் பலகாரம்: எது கெட்டது, ஏன், எப்படிச் சரிசெய்வது

ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி யூதர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்தபின் உறவும் அக்கம்பக்கமும் வந்து வாழ்த்திவிட்டுப் போகும். ஷாலோம் ஸாகர் என்று அதற்குப் பெயர். தனித்தனியாக யாரையும் அழைப்பதில்லை. செய்தி பரவும், கதவு திறந்திருக்கும், இருபது பேரும் வரலாம், எண்பது பேரும் வரலாம். மேசையில் உப்பும் மிளகும் தூவிய கொண்டைக்கடலை, பீர், கேக், ருகெலாக் என்ற சிறு சுருள் பலகாரம், பழங்கள் இருக்கும். விருத்தசேதனச் சடங்கான பிரிஸ் எட்டாம் நாளில் வரும். அதற்கு இன்னொரு விருந்து.

நாள் தெரியாது, பிறக்கப்போவது ஆணா என்பதும் பல வீடுகளில் தெரியாது. வெள்ளி காலை பிறந்தால் அன்றிரவே விருந்து. வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே, யூதரின் வாராந்திர ஓய்வு நாளான ஷபாத் தொடங்கிவிடும். அதன்பின் அடுப்பு மூட்டவோ சமைக்கவோ கூடாது. டிசம்பர் மாத லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஆகவே கடைசி மாதத்தில் ஃப்ரீசரை நிரப்பி வைப்பது வழக்கம். குழந்தை பிறப்பதற்கு முன் தொட்டிலும் துணியும் வாங்கி வைக்கப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. கேக்குக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பெண் பிறந்தால் அதற்காக வைக்கும் கிடுஷ் என்ற விருந்துக்கு அதே கேக் போகும், விருந்தே இல்லாவிட்டாலும் ஷபாத் வாரந்தோறும் வருகிறது.

கீழே சொல்லியிருக்கும் கோளாறுகள் பெரும்பாலும் ஃப்ரீசருக்குள் கிடந்த காலத்தில் உண்டாவதில்லை. உள்ளே போகும் அரை மணி நேரத்திலும் வெளியே வரும் மூன்று மணி நேரத்திலும்தான் உண்டாகின்றன. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அந்த இரண்டு நேரங்களையும் சோதியுங்கள்.

மேற்பரப்பு நசநசக்கிறது

கேக்கின் மேல்தோல் விரலில் ஒட்டுகிறது, தூவியிருந்த ஐசிங் சர்க்கரை காணாமல் போய்விட்டது, அடியில் இருந்த காகிதம் நனைந்திருக்கிறது. உறைந்த கேக்கை உறையைப் பிரித்துவிட்டு மேசையில் வைத்தால் அறையிலுள்ள ஈரக் காற்று அதன் குளிர்ந்த மேற்பரப்பில் பட்டு நீராக மாறும். உறையோடு வைத்தால் அந்த நீர் உறையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், கேக் தப்பிக்கும். முழுக் கேக் அறை வெப்பத்துக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், துண்டு போட்டதற்கு ஒரு மணி நேரம், பிஸ்கட்டுக்கு அரை மணி நேரம் போதும். அதுவரை உறையில் கை வைக்காதீர்கள்.

மேலே கிரீமோ சாக்லேட் பூச்சோ இருக்கும் கேக்குக்கு மட்டும் விதி மாறும். உருகத் தொடங்கிய பூச்சு உறையில் ஒட்டி, பிரிக்கும்போது கையோடு வந்துவிடும். அதைக் கல்லாக இருக்கும்போதே பிரித்து, உயரமான மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றி, டப்பாவுக்குள்ளேயே இளக விடுங்கள்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? ஷபாத் தொடங்க இன்னும் நேரம் இருந்தால் 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஐசிங் சர்க்கரையை எப்போதும் கடைசியில்தான் தூவ வேண்டும்.

ஓரம் வெளுத்து, காய்ந்து, தக்கைபோல இருக்கிறது

பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிப் போனதன் அடையாளம் இது. உறைக்குள் காற்று இருந்திருக்கிறது. பனி படியாத வகை ஃப்ரீசர்கள் அவ்வப்போது தாமாகவே சூடாகிப் பனியைக் கரைத்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கம் இப்படிக் காய்வதை விரைவுபடுத்தும். கதவடியில் வைத்த பொட்டலம் முதலில் பாதிக்கப்படும்.

வெளுத்த பகுதியைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை, சுவைதான் இல்லை. அந்த ஓரத்தைச் சீவிவிட்டு மீதியைச் சிறு சதுரங்களாக வெட்டி அடுக்கினால் யாருக்கும் தெரியாது. அடுத்த முறைக்கு: பிளாஸ்டிக் தாளைக் கேக்கோடு ஒட்ட இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் காற்றை வெளியேற்றிய பை. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பின்சுவர் ஓரம் கேக்குக்கு, கதவு ஐஸ்கட்டிக்கு.

பார்க்க நன்றாக இருக்கிறது, வாயில் நேற்றையது போல இருக்கிறது

இது ஈஸ்ட் போட்ட கோகோஷ், பாப்கா போன்ற இனிப்புச் சுருள் ரொட்டிகளிலும் இலவங்கப்பட்டை ரோலிலும் வரும் குறை. பலர் இதற்கு உறையைக் குறை சொல்கிறார்கள். உண்மையான காரணம் ஃபிரிட்ஜ். வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகி ரொட்டி பழசாவது பூஜ்யத்துக்கு மேல் சில டிகிரியில்தான் மிக வேகமாக நடக்கிறது, அதாவது ஃபிரிட்ஜின் வெப்பநிலையில். நன்கு உறைந்த நிலையில் அது ஏறத்தாழ நின்றுவிடும். ஆகவே ஃப்ரீசரில் இருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றி இரவு முழுக்க இளகவிடுவது, இறைச்சிக்குச் சரியான பழக்கம், ரொட்டி இனத்துக்குத் தவறான பழக்கம். நேராக அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே போகும்போதும் அப்படியே: முற்றிலும் ஆறியதும் அன்றே ஃப்ரீசருக்குப் போகட்டும், இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுப் போக வேண்டாம்.

சரிசெய்ய வழி இருக்கிறது. இறுகிய மாவுச்சத்து சூடுபட்டால் மீண்டும் இளகும். அலுமினியத் தாளில் பொதிந்து 160 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் அன்று சுட்டது போலவே ஆகிவிடும். ஆனால் சில மணி நேரத்துக்குத்தான் அந்தப் பலன். ஷபாத் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் கடைசி வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் வாடை அடிக்கிறது

அதே ஃப்ரீசரில் ஷபாத்துக்கான, அரைத்த மீனில் செய்த கெஃபில்ட உருளையும் வெங்காயம் வதக்கிய குகல் என்ற சுட்ட பதார்த்தமும் இருக்கும். கொழுப்பு வாடையை இழுத்துக்கொள்ளும். மார்ஜரின் போட்ட பிஸ்கட்டுக்கு இது முதலில் வரும். வாடை ஏறிய கேக்கை மீட்க முடியாது, முயலவும் வேண்டாம். கேக்குக்கு என்று மூடி இறுகிய ஒரு டப்பாவை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ருகெலாக் எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது

இஸ்ரேலிய வகை சாக்லேட் ருகெலாக்கை ஓவனில் இருந்து எடுத்த கையோடு சர்க்கரைப் பாகு பூசுவார்கள். அந்தப் பளபளப்பும் நெகிழ்வும்தான் அதன் அழகு. பாகோடு பையில் போட்டு உறைய வைத்தால் இளகும்போது பாகு ஒழுகி எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். பிய்த்தால் சுருளே பிரிந்து சாக்லேட் வெளியே வரும்.

ஒட்டியதைக் குளிர்ந்திருக்கும்போது பிரிக்கப் போராடாதீர்கள். 150 டிகிரியில் நான்கு நிமிடம் சூடாக்கினால் பாகு தளர்ந்து தானாக விடும். இனிமேல் செய்வதைப் பாகு பூசாமல் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, தட்டோடு ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, கல்லானபின் பைக்கு மாற்றுங்கள். வெள்ளி பிற்பகலில் சூடுபடுத்தி, நூறு கிராம் சர்க்கரையை நூறு மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்த பாகை அப்போது தடவினால் போதும்.

சுடாமல் உறைய வைக்கலாமா? பிரிஸ்க்கு என்றால் தாராளமாக. எட்டாம் நாள் என்று தெரிந்தபின் நிதானமாகச் சுடலாம். ஷாலோம் ஸாகருக்கு வேண்டாம் என்பேன். வெள்ளி பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசி வரும் வீட்டில், மாவு இளகி, உப்பி, வெந்து, ஆறும்வரை காத்திருக்கும் பொறுமையும் நேரமும் யாருக்கும் இருக்காது. மேலும் ஈஸ்ட் போட்ட பச்சை மாவு ஃப்ரீசரில் நாளாக ஆக வீரியம் இழக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். சுட்டது இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

சாக்லேட் மேல் வெண்படலம்

விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்து விரல் சூட்டில் மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது. சொரசொரவென்று மணல்போல நின்றால் ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து மீண்டும் படிகமாகியிருக்கிறது. முன்னதற்குக் காரணம் வெப்பநிலை ஏறி இறங்கியது, பின்னதற்குக் காரணம் உறையைச் சீக்கிரம் பிரித்தது. இரண்டையுமே தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளி பகலில் கோகோ தூவினால் மறைந்துவிடும்.

கிரீம் நீர் விட்டு, திரிந்ததுபோல இருக்கிறது

வெள்ளி இரவு உணவில் கோழி இருக்கும். இறைச்சிக்குப்பின் பால்பொருள் சாப்பிட இடைவெளி விடவேண்டும். பலருக்கு அது ஆறு மணி நேரம். விருந்தாளிகளும் அப்படிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். எனவே மேசையில் வைப்பவை பார்வேயாக, அதாவது பாலும் இறைச்சியும் கலவாதவையாக, இருக்க வேண்டும். வெண்ணெய், பால், பால் கிரீம், பால் சாக்லேட் எதற்கும் இடமில்லை. எண்ணெய், பார்வே மார்ஜரின், தேங்காய்ப்பால், தாவரக் கொழுப்பில் செய்த விப் கிரீம் ஆகியவைதான் துணை. எண்ணெய் ஊற்றிச் செய்த கேக் குளிரில் வெண்ணெய் கேக் அளவுக்கு இறுகாது என்பதால் ஃப்ரீசருக்கு இந்தக் கட்டுப்பாடு நன்மையே செய்கிறது.

தாவர விப் கிரீம் உறைந்து இளகுவதை நன்றாகத் தாங்கும். அது திரிந்ததுபோல இருந்தால் அளவுக்கு மீறி அடித்திருப்பீர்கள், அல்லது உறைந்த கிரீம் முழுவதும் இளகாமல் பனித்துகளோடு அடித்திருப்பீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து இளக்கி, குளிர்ச்சி போகும் முன் அடித்து, முனை லேசாகத் தலைகவிழும் நிலையில் நிறுத்துங்கள். கிரீம் வைத்த கேக் இளகும் இடமும் ஃபிரிட்ஜ்தான்.

சோளமாவில் காய்ச்சிய கஸ்டர்ட் நிரப்பினால் கதை வேறு. உறைந்து இளகிய சோளமாவுக் கூழ் நீரைப் பிடித்து வைக்காது, கீழே குளமாகத் தேங்கும். திரும்பச் சேர்க்க வழியில்லை. நடுவில் கஸ்டர்ட் வைக்கும் ஆசையை இந்த விருந்துக்கு விட்டுவிடலாம். வெட்டிய ஸ்ட்ராபெர்ரியும் அப்படியே. பனிப்படிகம் அதன் திசுவைக் கிழித்துவிடும். பழத்தை வெள்ளிக்கிழமை வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பார்வே சாக்லேட் மூஸில் பல வீடுகளில் பச்சை முட்டை சேர்ப்பார்கள். குளிரில் நோய்க்கிருமி சாவதில்லை, உறங்குகிறது. நிறைமாதக்காரியும், பிள்ளை பெற்ற இரண்டாம் நாளில் இருப்பவளும், தாத்தா பாட்டியும் சாப்பிடும் மேசை இது. கிருமி நீக்கிய முட்டை கிடைக்காவிட்டால் மூஸே வேண்டாம்.

கொண்டைக்கடலை கோளாறுகள்

இந்த இரவின் தலைமைப் பண்டம் இதுதான். யீதிஷ் மொழியில் அர்பெஸ் என்பார்கள். கேக் இல்லாத ஷாலோம் ஸாகரைப் பார்க்கலாம், கடலை இல்லாததைப் பார்ப்பது அரிது. கருவில் இருக்கும் குழந்தை யூத வேதமான தோரா முழுவதையும் கற்கிறது, உலகுக்கு வரும் கணத்தில் ஒரு தூதன் அதன் வாயில் தட்ட எல்லாம் மறந்துபோகிறது என்று யூத மரபு நூலான தால்மூத் சொல்கிறது. யூத மரபில் வட்டமான பருப்பும் பயறும் துக்க வீட்டு உணவு. மறந்த கல்விக்காகக் குழந்தையோடு சேர்ந்து வருந்தவே இந்தக் கடலை என்று விளக்குவார்கள். மகிழ்ச்சியான வீட்டில் கைக்குக் கை மாறும் அந்தக் கிண்ணத்துக்குள் இப்படியொரு எண்ணம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. அதனாலேயே இதை அவசரத்துக்கு டின்னைத் திறந்து கொட்டும் பண்டமாக நினைக்காமல், கேக்குக்குக் காட்டும் அக்கறையைக் காட்டச் சொல்கிறேன்.

எத்தனை நேரம் வெந்தும் நடுவில் கடுக்கென்று இருந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய கடலை. மற்றொன்று, கடின நீர். லண்டனில் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதிலுள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடும். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் தளரும். ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் கடலை வேகாது என்று சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்த கடலையின் தோல்தான் மென்மையாகிறது.

ஃப்ரீசரில் இருந்து வந்தபின் குழைந்துபோனால், முதலிலேயே முழுப்பதத்துக்கு வேகவைத்துவிட்டீர்கள். உறைவதும் இன்னொரு வேகல்போலத்தான் மென்மையாக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் உடைய வேண்டும், மசியக் கூடாது. அந்தக் கட்டத்தில் வடித்துவிடுங்கள்.

வழவழவென்று கோழை கட்டியதுபோல இருந்தால், வெந்த நீரோடு உறைய வைத்திருக்கிறீர்கள். வடித்த கடலையைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றி, தட்டில் ஒரே அடுக்காக உறையவைத்துப் பைக்கு மாற்றுங்கள். பையைக் குலுக்கினால் கூழாங்கல் சத்தம் கேட்க வேண்டும். அரை கிலோ காய்ந்த கடலை, வெந்தபின் ஒரு கிலோவுக்கு மேல் வரும்.

மிளகு கசந்தால், தூவிவிட்டு உறையவைத்ததுதான் காரணம். ஃப்ரீசரில் மிளகின் காரம் முரடாகிக் கசப்பேறும். வெள்ளியன்று ஷபாத் தொடங்கும் முன், உறைந்த கடலையை அப்படியே கொதிக்கும் உப்பு நீரில் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்து, சூடு பறக்கும்போது மிளகைக் கொஞ்சம் கரகரப்பாகப் பொடித்துத் தூவுங்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும்.

வெட்டினால் உதிர்கிறது

முழுதும் இளகவிட்டு வெட்டுவதால் வருவது. பாதி இளகியிருக்கும்போது ரம்பப்பல் கத்தியால் வெட்டுங்கள், இடையிடையே கத்தியைத் துடையுங்கள். உறைய வைக்கும் முன்பே துண்டு போட்டு நடுவில் காகிதம் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வெட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கேக்கின்மேல் கிரீமால் வாழ்த்து எழுதியிருந்தால் ஷபாத்தில் அந்த எழுத்தின் குறுக்கே வெட்டுவது எழுத்தை அழிப்பதாகும், சமய விதி அதைத் தடுக்கிறது. சூரியன் மறைவதற்கு முன் வெட்டி அடுக்குங்கள், அல்லது எழுத்துகளுக்கு நடுவே வெட்டும்படி இடம் விட்டு எழுதுங்கள். எழுதாமலே விட்டுவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

நீங்கள் கொண்டுபோன கேக்கை யாரும் தொடவில்லை

பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அன்போடு ஒரு கேக் சுட்டுக் கொடுத்தீர்கள், அது ஓரத்திலேயே இருந்தது. மனம் வருந்த வேண்டாம். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி பொருள் மட்டுமன்றி ஓவன், பாத்திரம், கரண்டி எல்லாமே கணக்கில் வரும். நீங்கள் சுத்த சைவமாகவே சமைத்தாலும் உங்கள் அடுப்பில் செய்ததை அவர்களால் மேசையில் வைக்க முடியாது. முழுப்பழங்கள் கொடுங்கள். இல்லாவிட்டால், அவர்கள் ஏற்கும் கோஷர் முத்திரை எது என்று கேட்டு, அது பதித்த, பிரிக்காத டப்பா வாங்கிக் கொடுங்கள். கையால் செய்து கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அவர்கள் சமையலறையிலேயே கூடமாட நின்று உருட்டுவதும் அடுக்குவதும் செய்யலாம். ஓவனை யார் மூட்ட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிறைமாதக்காரிக்கு அந்த உதவி கேக்கைவிடப் பெரிது.

வெள்ளி மாலை எடுத்து வைக்க மறந்துவிட்டது

பதற வேண்டாம். உறைந்த கேக்கை ஷபாத்தில் வெளியே எடுத்து மேசையில் இளகவிடலாம். ஓவனில் சூடுபடுத்தத்தான் முடியாது. விருந்தாளிகள் உணவுக்குப்பின்தான் வருவார்கள் என்பதால் பெரும்பாலும் நேரம் இருக்கும். முதலில் பிஸ்கட்டையும் துண்டு போட்ட கேக்கையும் பரப்புங்கள், முழுக் கேக் தாமதமாக வரட்டும். கோடையில் விருந்து இரவு பத்து பதினொன்றுக்குத்தான் தொடங்கும். அப்போது கிரீம் வைத்ததை முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் தவறாக முடியும்.

ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும் ஃப்ரீசராக இருந்தால் ஷபாத்தில் திறக்க முடியாது, உள்ளே நாற்பது பேருக்கான பலகாரம் இருந்தும் பயனில்லை. நிறைமாதத்தில் ஒவ்வொரு வெள்ளியும் பல்பைக் கழற்றிவிடுங்கள். குளிர வைக்கிறேன் என்று பீர் பாட்டிலை அதே ஃப்ரீசரில் மறந்து விடாதீர்கள். உறையும் நீர் விரியும், பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துகள் எந்தப் பையில் விழுந்தது என்று தேட முடியாது.

பிரிஸ் விருந்துக்கும் நாளைப் பொறுத்துத் திட்டம் மாறும். வெள்ளி இருட்டியபின்னோ சனி பகலிலோ இயல்பாகப் பிறந்த குழந்தைக்கு அடுத்த ஷபாத்திலேயே பிரிஸ் நடக்கும். சிசேரியன் என்றால் ஷபாத்தில் நடத்துவதில்லை, தள்ளிப்போகும். ஞாயிறு காலை பிரிஸ் என்றால் சனி பகலில் கேக்கை எடுத்து வைத்து இளக்கக் கூடாது, ஷபாத்தில் வாரநாளுக்கு ஆயத்தம் செய்வதாகிவிடும். சனி இரவு ஷபாத் முடிந்தபின் எடுங்கள். விடியும்வரை நேரம் இருப்பதால் முழுக் கேக்கும் நிதானமாக இளகிவிடும். பஸ்கா பண்டிகை வாரத்தை ஒட்டிப் பிரசவத் தேதி இருந்தால் கோதுமை மாவில் செய்த கேக், ரொட்டி எதையும் நம்பாதீர்கள். அந்த எட்டு நாளில் (இஸ்ரேலில் ஏழு) அவற்றை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பஸ்காவுக்கென்று ஒதுக்கிய பாத்திரங்களில் பாதாம் மக்ரூன், முட்டை வெள்ளைக்கரு மெரிங், மாவில்லாத சாக்லேட் கேக் மூன்றையும் செய்து, மக்ரூனையும் கேக்கையும் தனி டப்பாவில் உறைய வையுங்கள். மெரிங்கை மட்டும் ஃப்ரீசரில் வைக்காமல் காற்றுப்புகாத டின்னில் அலமாரியில் வையுங்கள், மொறுமொறுப்பு போகாது.